வெனிலா கொடி ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வீட்டில் மிளகு, ஏலம் என்று வாசனைப் பயிர் வளர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் வெனிலா ஆசை வந்துவிடும். அந்த ஆசையை நம்பியே பிழைக்கும் ஒரு விற்பனையாளரிடம் நான் ஏமாந்த கதை இது. கடைப் பெயரைச் சொல்லிப் பயனில்லை, அது அடிக்கடி மாறுகிறது. ஏமாற்றும் விதம் மாறுவதில்லை, அதனால் அதை எழுதுகிறேன்.

விளம்பரத்தில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும் தடித்த கொடியின் படம். "காய்ப்புக்கு வந்த கொடி. இந்த வருடமே காய்க்கும். வீடே மணக்கும்." கூடவே வெனிலா விதைப் பொட்டலம் இலவசம். ஜாதிக்காய்க் கன்றும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி, அதுவும் "பெண் மரம், உத்தரவாதம்".

பார்சலைப் பிரித்தால், ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் காற்றே புகாமல் ஒட்டிய ஒரு தண்டுத் துண்டு. இரண்டே கணு, வேர் கிடையாது. வெட்டுவாய் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் தோல் தனியாகவும் நடுநார் தனியாகவும் கழன்று வந்தது. வெனிலாத் தண்டை வெட்டினால் நிழலில் சில நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் நடுவார்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் அழுகத்தான் செய்யும். புகார் சொன்னதற்கு வந்த பதில்: "செடி தூக்கத்தில் இருக்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்." அழுகிய தண்டுக்குத் தண்ணீர் வைத்தியம்!

விடாமல் கேட்டதும் மாற்றுச் செடி வந்தது. தொட்டியோடு, பச்சைப்பசேல் என்று. ஆனால் இலைக்கு நீளமான காம்பு, அடியில் தண்டைத் தழுவிய உறை, இலை இதய வடிவம். மணி பிளாண்டேதான். வெனிலா இலை சதைப்பிடிப்பாக, நீண்டு, முனை கூர்மையாக இருக்கும். காம்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அளவுக்குத் தண்டோடு ஒட்டியிருக்கும். இலைகள் மாறி மாறி வரும். கணுவில் இலைக்கு எதிர்ப்பக்கம் காற்றுவேர் கிளம்பும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் போதும், படத்தைப் பார்த்தே பாதி மோசடியைப் பிடித்துவிடலாம்.

அப்புறம் அந்த இலவச விதை. பொட்டலத்தில் இருந்தவை கடுகு அளவு. நல்ல வெனிலா ஐஸ்கிரீமில் கருப்பாகப் பொடிப்பொடியாகத் தெரிகிறதே, அதுதான் வெனிலா விதை. ஆர்க்கிட் குடும்பத்துச் செடி என்பதால் விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. இயற்கையில் பூஞ்சையின் துணையோடு முளைக்கும், இல்லாவிட்டால் ஆய்வகத்தில் ஊட்டக்கூழில் முளைக்க வைக்க வேண்டும். தொட்டியில் தூவி முளைக்க வைக்கலாம் என்று யாராவது விற்றால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள்.

சரி, உண்மையான கொடியே வந்திருந்தாலும் "இந்த வருடமே காய்க்கும்" என்பது பொய்தான். நட்ட கொடி பூக்கப் பொதுவாக 3 வருடம் ஆகும், குட்டித் துண்டு இன்னும் தாமதிக்கும். பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் நாம்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். தாயகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியை விட்டு வெளியே வந்தால் இதற்குப் பூச்சியை நம்ப முடியாது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன் 1841இல் காட்டிய வழியைத்தான் இன்றும் செய்கிறார்கள்: மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் சின்ன மடலைத் தூக்கி, மகரந்தத்தைச் சூலகமுடியில் அழுத்துவது. அதன் பிறகு காய் முற்ற 9 மாதம் வரை ஆகும். பச்சைக் காயில் மணமே இருக்காது; வெந்நீரில் முக்கி, வியர்க்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் வாசனை வரும். வெறும் கொடிக்கு வீடு மணக்குமாம்!

ஜாதிக்காய்க் கன்று உயிரோடு வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அது விதையில் முளைத்த கன்று, தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பே இல்லை. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக்கன்று பூக்கும்வரை எது என்று யாருக்கும் தெரியாது, அதற்கு 6, 7 வருடம் போய்விடும். பெண் மரத்துக் குச்சியை ஒட்டிய கன்றுக்கு மட்டும்தான் உத்தரவாதம் செல்லும்.

வாங்குவதாக இருந்தால், வேரோடு இருக்கும் அதே செடியின் வீடியோவைக் கேளுங்கள். வேறு நாட்டிலிருந்து "அலங்காரப் பொருள்" என்று எழுதி அனுப்புகிறேன் என்பவர்களிடம் சிக்காதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சான்று இல்லாத செடி சுங்கத்திலேயே நின்றுவிடலாம். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். நான் எடுத்திருந்ததால் கொடிக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்தது, கன்றுக்கானது வரவில்லை. நான் எழுதிய விமர்சனத்தையும் அழித்துவிட்டார்கள்.

அதே கொடிப் படம் இப்போது வேறு கடைப் பெயரில் ஓடுகிறது. புதிதாகக் "காய்ந்த கிராம்பு விதை" என்று பொட்டலம் போட்டிருக்கிறார்கள். கடையில் வாங்கும் கிராம்பு விதையே இல்லை, காய்ந்த பூமொட்டு. நிஜமான கிராம்பு விதைக்கும் பழத்திலிருந்து எடுத்த சில நாட்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும்.