பிளக்க முடியாத புளியந்தூர்கள்: விறகுக்காக மர அறுவை மில்லை நாடிய ஆறு ஆண்டுகள்

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடிப் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற மூன்று புளியமரங்களையும் ஒரு வேம்பையும் வேரோடு சாய்த்தது. கிளைகளைக் கோடாரியால் வெட்டி அந்தக் கோடையிலேயே அடுக்கிவிட்டோம். ஆறேழு அடிச் சுற்றளவுள்ள அடிமரங்கள் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. திருமணச் சமையலுக்கு இன்றும் விறகடுப்பையே நம்பியிருக்கும் எங்கள் குடும்பத்துக்கு அவற்றை மண்ணோடு மக்கவிட மனம் வரவில்லை.

புளியிலும் வேம்பிலும் நார் நேராக ஓடாமல் பின்னிக் கிடப்பதால், ஆப்பு அடித்தால் பிளவு நீள்வதில்லை, ஆப்புதான் சிக்கிக்கொள்ளும். இரண்டு ஆட்கள் ஒரு பகல் முழுவதும் சம்மட்டியோடு போராடி ஒரு துண்டைக்கூட முடிக்க முடியாமல் போனபிறகே மில்லுக்குக் கொண்டுபோனோம். ஆறடிச் சுற்றளவும் ஆறடி நீளமும் உள்ள புளியந்துண்டு ஏறத்தாழ அரை டன் எடை இருக்கும் என்பதால், ஏற்றி இறக்கும் செலவு அறுப்புக் கூலியைவிட அதிகமானது. ஒரு துண்டுக்காக வண்டி பிடிக்காமல், ஒரு லோடு சேரும்வரை காத்திருப்பதே கட்டுப்படியாகும்.

மில்லில் மரத்தை டிராலியில் ஏற்றி, முதலில் ஐந்து அங்குலக் கனத்தில் பலகைகளாகவும், பிறகு அவற்றைப் புரட்டிச் சட்டங்களாகவும் அறுத்துத் தருகிறார்கள். அவற்றை ஒன்றேகால் அடித் துண்டுகளாக நாங்களே செயின்சாவால் நறுக்கிக்கொள்கிறோம். கூலியைச் சுற்றளவில் கால்பங்கை வர்க்கித்து, நீளத்தால் பெருக்கிக் கன அடியாகக் கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கு உண்மையான பருமனைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும் என்பது அறுக்கக் கொடுப்பவருக்கு ஆதாயம். ரம்பத்துக்கு அடங்காத பெருந்தூரை முன்கூட்டியே செயின்சாவால் இரண்டாக்க வேண்டும். அப்போது வெட்டுமுகத்திலிருந்து இறங்காமல், தூரைப் படுக்கப் போட்டு நார் ஓடும் போக்கிலேயே அறுத்தால் நீளநீளமான சுருள் உதிர்ந்து வேலை விரைவாக முடியும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் கிடைத்தது. வீட்டோரமாக நின்ற வேம்பில் கொடிக்கம்பி கட்டுவதற்காக எப்போதோ அடித்த ஆணி மரத்துக்குள் புதைந்திருந்தது. ரம்பத்தின் பற்கள் உடைந்து, அதற்கான செலவை நாங்களே ஏற்றோம். இப்போதெல்லாம் மரத்தை அனுப்புமுன் வெட்டுமுகத்தைக் கழுவிப் பார்க்கிறேன். புளிபோலத் துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் இரும்பைச் சுற்றிக் கருநீலக் கறை படிந்திருக்கும். கறை கண்ட துண்டை மில்லுக்கு அனுப்புவதேயில்லை.

இத்தனை செலவுக்கும் கிடைத்த பெரிய பலன், விறகு காயும் வேகம்தான். பட்டையோடு முழுதாகக் கிடந்த தூர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் உள்ளே ஈரமாகவே இருந்தது. ஆனால் அறுத்து நறுக்கிய துண்டுகள் மாசி முதல் ஆனி வரையிலான வெயிலிலேயே தட்டினால் கணீரென்று ஒலிக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டன. ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதன் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. அண்டாவில் சோறு வேக எடுக்கும் நேரத்திலும் கண்ணில் கரிக்கும் புகையிலும் அந்த வேறுபாடு அப்படியே தெரியும்.

அறுத்த துண்டுகளில் ஒரு குறை உண்டு. நான்கு பக்கமும் சமமாக இருப்பதால் நெருக்கி அடுக்கினால் காற்று நுழையாமல் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வரிசைக்கு வரிசை குறுக்காக, விரல் இடைவெளி விட்டு அடுக்குகிறோம். வழவழப்பான முகத்தில் தீ மெதுவாகத்தான் பற்றும் என்பதால், மூட்டுவதற்குப் பட்டை ஒட்டிய புறப்பலகைகளைப் பிளந்து வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் மரங்கள் தீர்ந்தபின், பிளக்க முடியாது என்று மற்றவர்கள் ஒதுக்கும் தூர்களை மலிவாக வாங்கி அறுக்கிறோம். கோடாரிக்கு இணங்கும் சவுக்கையும் சீமைக்கருவேலையும் மில்லுக்குக் கொண்டுபோவது வீண்செலவு. மரத்தூளையும் கேட்டு வாங்கிவிடுகிறேன். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கித் திணித்து, பாட்டிலை உருவிவிட்டு மூட்டும் பழைய மரத்தூள் அடுப்பில்தான் வீட்டுக்கு வெந்நீர் காய்கிறது.