பெயர் தெரியாத ராக் குழுக்களைத் தேட பேண்ட்கேம்ப்

கோத்தகிரியில் ராக் கச்சேரி நடந்து நான் பார்த்ததில்லை, புதிதாக எதையாவது கேட்க வேண்டுமென்றால் இணையம்தான் கதி. ஸ்ட்ரீமிங் ஆப்களோ நாம் ஏற்கெனவே கேட்டதை ஒட்டியே எதையாவது திரும்பத் திரும்பத் தள்ளுகின்றன. கேள்வியே படாத குழுக்களைத் தேடிப் பிடிக்க எனக்கு உருப்படியாக அமைந்தது பேண்ட்கேம்ப்தான். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய தளம். குழுக்களே தங்கள் பாட்டை ஏற்றி, விலை வைத்து, நேரடியாக விற்கிறார்கள்.

ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் குட்டிப் படங்கள் வரிசையாக இருக்கும், எந்தப் பாட்டு பிடித்தது, ஏன் பிடித்தது என்று சிலர் ஒரு வரி எழுதியும் வைத்திருப்பார்கள். ஒரு படத்தைத் தட்டினால் அவர் வாங்கிச் சேர்த்ததெல்லாம் விரியும். சென்னைக் குழுவான தி எஃப்16ஸ் பக்கத்தில் ஆரம்பித்து, யாரோ ஒருவரின் சேமிப்புக்குள் நுழைந்து, அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர் என்று போய், கடைசியில் நைஜர் நாட்டின் லே ஃபீய் தெ இல்லிகாதாத் என்ற குழுவில் வந்து நின்றேன். ஃபாத்து செய்தி காலி என்ற பெண் கிட்டார் வாசிக்கிறார், கூடவே உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிய தெண்டே மேளம், கைதட்டல், எல்லோரும் சேர்ந்து பாடும் குரல்கள். அந்த கிட்டார் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வரும், கேட்கக் கேட்க ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். இன்றுவரை எந்த ஆப்பும் எனக்கு இவர்களைக் காட்டியதில்லை.

பாட்டுக்குக் கொடுக்கிற காசில் தளம் எடுப்பது 15 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி குழுவுக்கு. சில ஆல்பங்களுக்கு நாமே விலை போடலாம், பூஜ்யம் போட்டாலும் தருவார்கள், ஆனால் பிடித்திருந்தால் தயவுசெய்து ஏதாவது போடுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, ஃபைல் நம் கைக்கே வந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் இங்கே கரண்டும் போகும், சிக்னலும் போகும், மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில் பாதி வளைவுகளில் ஸ்ட்ரீமிங் நின்றுவிடும். இறக்கி வைத்த பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. நாற்பது நிமிட ஆல்பம் 320 கேபிபிஎஸ் தர எம்பி3யில் நூறு எம்பிக்குள் அடங்கும், ஒலித் தரம் குறையாத ஃப்ளாக் வடிவம் என்றால் இரண்டு மூன்று மடங்கு. பாதியில் அறுந்தாலும் வாங்கியது கணக்கில் இருக்கும், அப்புறம் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. யுபிஐ கிடையாது, கார்டு அல்லது பேபால்தான், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வைக்க வேண்டும். தேடலுக்கு உதவும் அடையாளச் சொற்களான டேக்குகளைக் குழுக்களே போடுவதால் 'தமிழ்' என்று தேடினால் எது எதுவோ வரும், 'சென்னை' என்று ஊர் பெயரில் தேடுவது மேல். 2022இல் பேண்ட்கேம்பை வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்டிரேடர் கைக்கு மாறி பேண்ட்கேம்ப் ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. அது எனக்கு இன்னமும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சரி, வாங்குவதென்றால் பேண்ட்கேம்ப் ஃபிரைடே வரை பொறுத்து வாங்குங்கள். 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் தொடங்கியது, அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்க மேற்குக் கரை நேரக் கணக்கு என்பதால் நமக்கு வெள்ளி மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ ஆரம்பித்து சனிக்கிழமை அதே நேரம் வரை ஓடும், காலையிலேயே வாங்கிவிடாதீர்கள்.