சாய்வா, நகர்வா: இரண்டு விளக்கங்களில் எது நிற்கிறது?

தலை சாய்ந்ததா, உடல் நகர்ந்ததா என்று, உட்காதில் உள்ள செவிக்கற்களை (விசைக்கு ஏற்ப ஒதுங்கும் நுண்ணிய படிகங்களை) நம்பி மட்டும் மூளை தீர்ப்புச் சொல்ல முடியாது. தலை வலப்பக்கம் 10 டிகிரி சாய்ந்தால் ஈர்ப்பு அவற்றை வலப்பக்கம் இழுக்கிறது. தலை நிமிர்ந்தே இருக்க, உடல் நொடிக்கு நொடி 1.7 மீட்டர் வேகம் கூடியபடி இடப்பக்கம் நகர்ந்தாலும் கற்கள் ஏறக்குறைய அதே அளவு வலப்பக்கம் ஒதுங்குகின்றன. அங்கிருந்து கிளம்பும் நரம்பிழை இரண்டுக்கும் ஒரே சேதியைத்தான் அனுப்புகிறது.

இதைப் பிரித்தறிவதற்கு இரண்டு விளக்கங்கள் போட்டியிட்டன. முதலாவது அலைவெண் விளக்கம்: மெதுவாக மாறினால் சாய்வு, சட்டென மாறினால் நகர்வு. மெதுவானதையும் வேகமானதையும் பிரிக்கும் ஒரு வடிகட்டி போதும். மற்றது கால்வாய் விளக்கம்: சாயும்போது தலை சுழல்கிறது, அந்தச் சுழற்சியை உட்காதில் உள்ள, சுழற்சியை உணரும் அரைவட்டக் கால்வாய்கள் தெரிவிக்கின்றன. அதை வைத்து ஈர்ப்பின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்தால் மிஞ்சுவது நகர்வு. கேட்டவுடன் எனக்குப் பிடித்தது முதலாவதுதான். நரம்புச் செல்லுக்குக் கணக்குப் போடும் வேலையே இல்லை.

ஆனால் 1999இல் நரம்பியல் ஆய்வாளர் டோரா ஏஞ்சலாகியின் குழு ரீசஸ் குரங்குகளிடம் செய்த சோதனை அதை ஆட்டிவிட்டது. குரங்கை ஒரே நேரத்தில் சாய்த்து நகர்த்தினார்கள், இரண்டு விசைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி. பக்கவாட்டில் செவிக்கற்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும், தலை நகரும்போது பார்வையை நிலைநிறுத்தத் தானாக அசையும் கண்கள், நகர்வுக்கு ஏற்றபடி சரியாக அசைந்தன. கால்வாய்களை அடைத்த பிறகோ, வெறுமனே சாய்த்தாலும் நகர்ந்ததுபோலக் கண்கள் அசைந்தன. வடிகட்டி மட்டுமே வேலை செய்தால் கால்வாயை அடைப்பதால் எதுவும் மாறியிருக்கக் கூடாது.

பின்னர் சிறுமூளையின் அடிப்பகுதியில், நகர்வுக்கு மட்டும் துடிக்கும் பர்க்கின்ஜி செல்கள் (சிறுமூளையின் பெரிய நரம்புச் செல்கள்) கிடைத்தன. 2013இல் சாய்வுக்கென்றே துடிக்கும் செல்களும் கிடைத்தன. கழித்தல் கணக்கின் இரண்டு விடைகளும் அடுத்தடுத்து இருப்பதுபோல.

என் ஓட்டு கால்வாய் விளக்கத்துக்கே, ஒரு திருத்தத்தோடு. சுழற்சி இல்லாத நீண்ட முடுக்கத்தில் கால்வாய்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. அங்கே மெதுவானது என்றாலே சாய்வு என்ற பழைய விதிதான் ஆள்கிறது. இருட்டில் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும்போது முடுக்கம் நீடிக்கிறது. விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டதாக விமானிக்குத் தோன்றுகிறது. கருவிகளைப் பார்க்காமல் அந்த உணர்வை நம்பினால் அவர் மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்திவிடுவார்.