ஸ்டீம் டெக்கில் பிடிஎஃப் வாசிப்பு: இரண்டு வருட அனுபவம்

ஸ்டீம் டெக் என்பது கையில் பிடித்து கேம் விளையாடும் சின்னக் கணினி. அதன் முதுகுப் பக்கம் நான்கு பட்டன்கள் உண்டு: எல்4, எல்5, ஆர்4, ஆர்5. இரண்டு கையாலும் கருவியைப் பிடித்தால் விரல்கள் தாமாகவே அவற்றின் மேல் போய் உட்காரும். பெரும்பாலான கேம்களில் இவற்றுக்கு வேலையே இருக்காது. என்னுடையதில் ஆர்4 என்றால் அடுத்த திரை, எல்4 என்றால் முந்தைய திரை. இரண்டு வருடமாக ஏறக்குறைய தினமும் இரவில் இந்த இரண்டு பட்டன்களை அழுத்தித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கேம் விளையாடத்தான் வாங்கினேன். விளையாடிய நேரத்தைவிட வாசித்த நேரம் எப்போதோ அதிகமாகிவிட்டது.

ஈபப் என்ற மின்னூல் வடிவில் கிடைப்பதை மொபைலிலேயே படித்துவிடலாம். திரைக்குத் தகுந்தபடி வரிகள் மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் மடங்காது. 1993-இல் அடோபி இதை வெளியிட்டபோது நோக்கமே வேறு: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதனால் கோப்புக்குள்ளே இருப்பது ‘இந்த எழுத்தை இந்த இடத்தில் வை’ என்ற வகைக் கட்டளைகள்தான். பாரா எங்கே முடிகிறது, அடுத்த வரி எது என்ற தகவல் பல கோப்புகளில் இருப்பதே இல்லை. எனக்கு வருபவையோ எல்லாம் பிடிஎஃப்: மென்பொருள் கையேடுகள், ஒரே பக்கத்தில் இடமும் வலமுமாக இரண்டு பத்தி அச்சான ஆய்வுக் கட்டுரைகள், ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்கள்.

முதல் மாதம் ஒரு தப்பு செய்தேன். பக்கம் நெட்டாக இருக்கிறதே என்று கருவியையும் நெட்டாகத் திருப்பிப் பிடித்துப் படித்தேன். என்னிடம் இருப்பது எல்சிடி மாடல். 7 அங்குலத் திரை, 1280-க்கு 800 புள்ளிகள். மில்லிமீட்டரில் சொன்னால் நீளம் சுமார் 151, உயரம் 94. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். நெட்டாகத் திருப்பினால் அந்த 210 முழுவதும் 94-க்குள் அடங்கியாக வேண்டும். 10 பாயிண்ட் எழுத்து நாலரை பாயிண்ட்டாகச் சுருங்கிவிடும். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, அந்தக் காகிதத்தைப் படிப்பது மாதிரி. பத்துப் பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

படுக்கை வாட்டில் வைத்து, பக்கத்தின் அகலத்தைத் திரைக்குப் பொருத்தினால் அதே எழுத்து 7 பாயிண்ட் ஆகிறது. பரவாயில்லை, ஆனால் போதாது. இங்கேதான் தாளின் ஓரம் ஞாபகம் வந்தது. சாதாரண ஏ4 ஆவணத்தில் இரண்டு பக்கமும் 25 மில்லிமீட்டர் வெள்ளை விட்டிருப்பார்கள். அதை வெட்டிவிட்டால் எழுத்து ஓடும் அகலம் 160 மில்லிமீட்டர்தான். அது 151-க்குள் வரவேண்டும், அவ்வளவே. 10 பாயிண்ட் எழுத்து 9.4 பாயிண்ட்டாகத் தெரியும். அச்சிட்ட தாளைக் கையில் வைத்துப் படிப்பதற்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலின் திரை 7.4 அங்குலம், அதன் நீளம் ஏறத்தாழ 159 மில்லிமீட்டர். அதாவது அச்சில் உள்ள அளவே திரையிலும். பிடிஎஃப் படிக்க எத்தனை அங்குலத் திரை வேண்டும் என்று யார் கேட்டாலும், மூலைக்கு மூலை அளக்கும் அந்த அங்குலத்தை விட்டுவிட்டு, திரையின் நீளப் பக்கத்தை உங்கள் ஆவணத்தில் எழுத்து ஓடும் அகலத்தோடு வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஓரம் வெட்டும் வசதி ஓக்குலார் என்ற பிடிஎஃப் வாசிப்பு மென்பொருளில் இருக்கிறது. கருவியின் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ் ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. டெஸ்க்டாப் மோடுக்குப் போனால் சாதாரணக் கணினி போன்ற திரை வரும், அதன் பெயர் கேடிஇ பிளாஸ்மா. ஓக்குலாரும் அதே கேடிஇ குடும்பம்தான், அங்குள்ள டிஸ்கவர் என்ற மென்பொருள் கடையில் கிடைக்கும். புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவியில் ஆர்ச் லினக்ஸின் நிறுவல் கருவியான பேக்மேன் கொண்டு எதையும் நிறுவாதீர்கள். சிஸ்டம் பகுதி பூட்டியே இருக்கும். திறந்து நிறுவினாலும் அடுத்த ஓஎஸ் அப்டேட்டில் போய்விடும். டிஸ்கவர் வழியே ஃப்ளாட்பேக் என்ற தனிப் பொதியாக வருபவை ஹோம் பகுதியில் இருப்பதால் தப்பிக்கும்.

ஓக்குலாரில் ட்ரிம் மார்ஜின்ஸ் போட்டு, ஃபிட் விட்த் வைத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஒரு விஷயம் மட்டும் பாக்கி. திரையின் உயரம் 94 மில்லிமீட்டர்தான் என்பதால் ஒரு ஏ4 பக்கம் இரண்டரைத் திரையாகப் பிரிகிறது. பேஜ் டவுன் அழுத்தும்போது கடைசி வரி பாதி வெட்டுப்பட்டு மேலே போய்விட்டால், கண் ஒரு நொடி தடுமாறும். ஒரு தடவை என்றால் பெரிதில்லை. இரவில் நூறு தடவை அழுத்துகிற இடத்தில் அது பெரிய இடைஞ்சல். இதற்கும் ஓக்குலாரின் அமைப்புகளில் ஓர் எண் இருக்கிறது: பேஜ் அப், பேஜ் டவுன் ஓவர்லேப். நான் 10 சதவீதம் வைத்திருக்கிறேன். கீழே படித்து முடித்த கடைசி ஒன்றிரண்டு வரிகள் அடுத்த திரையின் உச்சியில் மறுபடி வரும். கண் அங்கிருந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் நான் செய்த மாற்றங்களிலேயே மிகச் சிறியது இது, அதிகம் உதவியதும் இதுதான்.

அடுத்து பட்டன்கள். டெஸ்க்டாப் மோடில் வலது ட்ராக்பேடைத் தடவி மவுஸை நகர்த்திப் படிக்கலாம்தான், ஆனால் கட்டைவிரல் சீக்கிரம் களைத்துவிடும். ஓக்குலாரை கேம்கள் இருக்கும் ஸ்டீம் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஸ்டீம் கேம் அல்லாதவற்றையும் அதில் சேர்க்கலாம். பிறகு கருவியின் வழக்கமான கேமிங் மோடில் அதுவும் ஒரு கேம் மாதிரி வந்து நிற்கும். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக பட்டன்களை மாற்றிக்கொள்வது போல இதற்கும் மாற்றலாம். ஆர்4, எல்4 பேஜ் டவுன், பேஜ் அப். ஆர்5 என்றால் கன்ட்ரோல்-பி, அதாவது புக்மார்க். இடது ட்ராக்பேடில் வட்ட மெனு ஒன்று வைத்து, தேடல், பக்க எண்ணுக்குத் தாவுதல், பெரிதாக்கல், சிறிதாக்கல் ஆகியவற்றைப் போட்டிருக்கிறேன். மெனுக்களில் நுழைந்து செய்யும் அமைப்பு மாற்றங்களை மட்டும் டெஸ்க்டாப் மோடிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது. கேமிங் மோடு ஒரே ஜன்னலை முழுத் திரையில் காட்டுவதற்காக அமைந்தது; சின்னச் சின்ன உரையாடல் பெட்டிகள் அங்கே சங்கடப்படும்.

ஸ்கேன் புத்தகங்கள் தனிக் கதை. ட்ரிம் மார்ஜின்ஸ் எப்படி வேலை செய்கிறது என்றால், பக்கத்தில் வெள்ளை அல்லாதது எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதுவரை வெட்டும். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்தால் தாளின் ஓரத்தில் கறுப்புக் கோடு, நூலக முத்திரை, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் சேர்ந்தே வரும். மென்பொருளின் கண்ணுக்கு அவையும் எழுத்துதான். ஆகவே ஒன்றும் வெட்டுப்படாது. இதற்கு ட்ரிம் டு செலக்ஷன் இருக்கிறது: ஒரு பக்கத்தில் நாமே கட்டம் வரைந்தால் எல்லாப் பக்கத்துக்கும் அதே கட்டம் பொருந்தும். இடப்பக்கத் தாளும் வலப்பக்கத் தாளும் ஸ்கேனில் கொஞ்சம் விலகி இருக்கும் என்பதால் கட்டத்தை இரண்டு பக்கமும் சற்றுத் தாராளமாக வரைய வேண்டும். ஐந்து நிமிட வேலை, முந்நூறு பக்கத்துக்குப் பலன். அதோடு, சில ஸ்கேன் கோப்புகளில் படங்கள் ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். பக்கம் விரிய ஒன்றிரண்டு நொடி ஆகும். கருவியில் 16 ஜிபி ராம் சும்மாதானே இருக்கிறது? ஓக்குலாரின் நினைவகப் பயன்பாட்டை அக்ரஸிவ் என்று மாற்றினேன். நாம் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கங்களைத் தயாராக வைத்துக்கொள்கிறது.

தமிழ் பிடிஎஃப்களில் தேடல் பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் திரையில் அழகாகத் தெரியும். ‘கடல்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, நகலெடுத்தால் சம்பந்தமில்லாத ரோமன் எழுத்துகள் வந்து விழும். இது கருவியின் குற்றமோ மென்பொருளின் குற்றமோ அல்ல. கோப்புக்குள் இருப்பதே அதுதான். அப்படிப்பட்டவற்றுக்கு நான் தேடலை மறந்துவிட்டு புக்மார்க்கைத் தாராளமாகப் போட்டுவிடுகிறேன். நல்ல செய்தியும் உண்டு. தமிழ் மின்னூல் தளங்கள் சிலவற்றில் 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் தருகிறார்கள். அதைச் செய்பவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கருவியை நெட்டாகப் பிடித்தும் நிம்மதியாகப் படிக்க முடிந்தவை அவை மட்டும்தான்.

இரண்டு பத்தி ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஓக்குலார் எனக்குச் சரிப்படவில்லை. எழுத்தளவு பிரச்சினையில்லை, ஓரம் வெட்டினால் இரண்டு பத்தியும் சேர்ந்தே படிக்கும் அளவில் தெரியும். வழிதான் பிரச்சினை. இடப்பத்தியில் கீழே இறங்கி, மறுபடி மேலேறி, வலப்பத்தியில் இறங்க வேண்டும். ஆர்4 கீழே மட்டுமே போகும். இங்கே கேஓரீடர் என்ற இன்னொரு வாசிப்பு மென்பொருளுக்கு மாறினேன். மின்தாள் (இ-இங்க்) கருவிகளுக்காக உருவானது. லினக்ஸ் டெஸ்க்டாப்பிலும் ஓடும். பெரிதாக்கும் முறையில் பத்தி என்று தேர்ந்தெடுத்து, இரண்டு என்று சொன்னால், இடப்பத்தியை மேலிருந்து கீழ்வரை காட்டிவிட்டு அதுவாகவே வலப்பத்தியின் உச்சிக்குப் போகிறது. முதல் முறை அது தானாக மேலேறியதைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதிலேயே ரீஃப்ளோ வசதியும் உண்டு. பக்கத்தைப் படமாக எடுத்து, சொல் சொல்லாக வெட்டி, திரை அகலத்துக்கு மறுபடி அடுக்கித் தரும். படமாகவே கையாள்வதால் பழைய எழுத்துருவா யூனிகோடா என்ற கேள்வியே எழாது. உரைநடைக்கு நன்றாக வருகிறது. நிரல் வரிகளும் சமன்பாடுகளும் உள்ள பக்கத்தில் போட்டால் எல்லாம் சிதறிவிடும், அங்கே வேண்டாம்.

எடை 669 கிராம். நேராகத் தூக்கிப் பிடித்தால் கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். நான் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கருவியின் அடியை வயிற்றில் நிறுத்திவிடுவேன். கை சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். இருட்டில் ஓக்குலாரின் நிற மாற்றத்தைப் போட்டு வெள்ளையைக் கறுப்பாக்கிக்கொள்வேன். எல்சிடியில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்தாற்போல் தெரியும், பழகிவிட்டது. திரையின் புதுப்பிப்பு வேகத்தை 40 ஹெர்ட்ஸுக்கும், மின்சார வரம்பைக் குறைந்த அளவுக்கும் இறக்கிவிட்டால் ஃபேன் சத்தம் கிட்டத்தட்ட கேட்பதில்லை. 40 வாட்-மணி பேட்டரியில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் படிக்கிறேன். மின்தாள் கருவியோடு இதை ஒப்பிடக் கூடாது, அது வாரக்கணக்கு. தூக்கம் வந்தால் பவர் பட்டனை ஒரு தட்டு. மறுநாள் இன்னொரு தட்டு, சில நொடியில் அதே வரி.

அந்த ‘அதே வரி’யை ஒருமுறை நானே தொலைத்தேன். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, ஃபைல் பெயர்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி, தலைப்பு வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்தேன். அன்றிரவு திறந்தால் எல்லாமே முதல் பக்கத்தில் நின்றன, புக்மார்க்குகளையும் காணோம். ஓக்குலார் நாம் விட்ட இடத்தை பிடிஎஃப்புக்குள் எழுதுவதில்லை. கோப்பின் பெயரையும் அளவையும் வைத்துத் தனியாகக் குறித்துக்கொள்கிறது. புக்மார்க் கோப்பு இருக்கும் பாதையோடு பிணைந்தது. பெயரும் இடமும் மாறியதும் இரண்டும் அறுந்துவிட்டன. பாதி படித்த எட்டுப் புத்தகங்களில் விட்ட இடத்தைத் தேடியெடுக்க இரண்டு மாலை ஆயிற்று. இப்போது பெயர் மாற்றுவதானால் முதல்முறை திறப்பதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன். அடிக்கோடிடுவதும் குறிப்பெழுதுவதும் வேறு. கன்ட்ரோல்-எஸ் கொடுத்துச் சேமித்தால் அவை பிடிஎஃப்புக்குள்ளேயே போய்விடும், எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும். குறிப்பெழுதத் திரைக் கீபோர்டைத் திறந்தால் அது பாதித் திரையை மூடிவிடுகிறது. அதனால் டெஸ்க்டாப் மோடில், மொபைலையும் கணினியையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் வழியே மொபைலையே கீபோர்டாக வைத்து எழுதுகிறேன். கோப்புகளை அனுப்புவதும் அதன் வழிதான்.

இதில் என்னால் இன்றுவரை முடியாதது ஒன்று இருக்கிறது. கையேட்டில் 40-ஆம் பக்கத்து விளக்கத்தையும் 312-ஆம் பக்கத்து அட்டவணையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்றால் இந்தத் திரை கைகொடுக்காது. பத்து சென்டிமீட்டர் உயரத்தில் பக்கத்தின் பாதிகூடத் தெரியாது. புரட்டித் தேடும்போது ‘அந்தப் படம் வலப்பக்கம் மேலே இருந்ததே’ என்ற ஞாபகம் உதவுமே, அந்த ஞாபகமே இங்கே உருவாவதில்லை. எல்லாம் நீளமாக ஓடும் ஒரே பட்டையாக மனதில் பதிகிறது. தொடர்ச்சியாக வாசிக்கிற எதுவும் இதில் சுகம், தேடிப் பார்க்கிற எதுவும் சிரமம். அதனால் ஒரு கையேட்டை முதல்முறை அட்டை முதல் அட்டை வரை டெக்கில்தான் படிக்கிறேன். அடிக்கோடிட்டுச் சேமித்த அதே கோப்பை வேலை நேரத்தில் பெரிய திரையில் திறக்கிறேன். இரவில் போட்ட மஞ்சள் கோடுகள் அங்கே காத்துக்கொண்டிருக்கும்.