ஓம்மீட்டரா, வகுத்தலா? மின்தடையை அறியும் இரு வழிகள்

ஒரு விளக்கின் மின்தடையை அறிய, அதைக் கழற்றி மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. எரியும்போது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுப்பது மற்றொரு வழி. 230 வோல்ட், 60 வாட் இழைவிளக்கு எரியும்போது அதில் ஏறத்தாழ 0.26 ஆம்பியர் பாய்வதால், அதன் மின்தடை 230 ÷ 0.26, அதாவது சுமார் 885 ஓம். திறன் 230 × 0.26, அதாவது 59.8 வாட்.

அதே விளக்கை அணைந்து குளிர்ந்த நிலையில் ஓம் அளவில் வைத்தால், இந்தத் தடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீட்டர் பிழை செய்யவில்லை. டங்ஸ்டன் இழை வெண்சூடாகும்போது அதன் தடை பன்மடங்கு உயர்கிறது. குளிர்நிலைத் தடையால் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வகுத்துத் திறனைக் கணக்கிட்டால், 60 வாட் விளக்கு 600 வாட்டுக்கு மேல் காட்டும். சுவிட்சைப் போட்ட கணத்துக்கு மட்டுமே அது பொருந்தும். இயங்கும்போது செலவாகும் திறன் வேண்டுமெனில் வகுத்தல் முறையே நம்பத்தக்கது என்பேன்.

வெப்பத்தால் அதிகம் மாறாத மின்தடையாக்கிகளுக்கு ஓம்மீட்டரே எளிது, பாதுகாப்பானதும்கூட. மாறுமின்னோட்ட மோட்டாரிலோ வகுத்தால் கிடைப்பது மின்மறுப்பு (impedance), அதாவது மின்தடையோடு கம்பிச்சுருளின் எதிர்ப்பும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு. அங்கே திறனைக் காண, மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் பெருக்கலைத் திறன் காரணியாலும் (அந்தப் பெருக்கலில் உண்மையில் செலவாகும் பங்கு) பெருக்க வேண்டும்.