தருமபுரியில் தண்ணீர் பரிசோதனை: போய் வந்த அனுபவம்

எங்கள் போர்வெல் தண்ணீரை தருமபுரியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். பாட்டிலை எப்படிக் கழுவிப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள், சொன்ன நாளில் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம்! இந்தியத் தர அளவு 1தான், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. பக்கத்து வீட்டு அக்காவின் பல்லில் ஏன் அந்தப் பழுப்புக் கறை என்பது அப்போதுதான் உறைத்தது.

குறை என்றால், ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்ல ஆளில்லை. அதைவிடப் பெரிய குறை, இந்த எண் என் பையோடு முடிந்துவிடுகிறது, ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று அளந்து காட்டியதால்தானே. எண் ஊருக்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விஷயத்தில் ஒரு உதாரணம்: நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து நாட்டில் பள்ளிப் பிள்ளைகளிடம் குடி, புகை பற்றிக் கணக்கெடுத்து, அந்தந்த ஊருக்கே முடிவைக் கொடுத்து, அதை வைத்துத் திட்டம் போட்டார்கள். 15, 16 வயதில் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் வெறும் 5.

சரி, கட்டணம் நியாயம்தான், தாராளமாகப் போகலாம். அப்புறம் ரிப்போர்ட்டில் ஒரு நகலை கிராம சபையில் கொடுங்கள், நான் கொடுத்துவிட்டேன்.