ஏர்கோன், கேஸ் ஹீட்டர், வயரிங், எல்லாம் ஒரே ஆள்: அம்மா வீட்டில் நடந்தது

மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை ஒட்டிய தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் கட்டாயம் படியுங்கள். எங்கள் வீட்டில் ஏர்கோனையும் கேஸ் ஹீட்டரையும் ஆபத்தாக மாட்டிய ஆள் இதே வேலையை இன்னும் பல வீடுகளில் செய்திருக்கிறார்.

அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதால் விடியற்காலையில் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது லயத்தை (தோட்டத்துத் தொழிலாளர் வீட்டை) விட்டு வெளியேறி வாங்கிய மலிவு விலை வீடு அது. பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் கூரை நடுராத்திரி வரைக்கும் அறைக்குள் இறக்கும். நான் ஈப்போவில் வேலை செய்கிறேன், வாரக் கடைசியில்தான் வருவேன். போனஸ் கிடைத்ததும் அம்மா அறைக்கு 1 எச்பி ஏர்கோனும் குளியலறைக்கு ஹீட்டரும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த ஆளைக் கோயிலில் ஒருவர் அறிமுகம் செய்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அக்கா, இந்த வீட்டு வயரிங் பழசு. ஏர்கோன், கரண்ட் ஹீட்டர் ரெண்டையும் தாங்காது. ஹீட்டரை கேஸ்ல போட்டுக்குவோம். தோம்பு எப்படியும் குசினியில இருக்கு." கேட்பதற்கு நியாயமாக இருந்தது. கரண்ட் ஹீட்டர் சுமார் 3.5 கிலோவாட் இழுக்கும், ஏர்கோன் 1 கிலோவாட்டுக்குள்தான். 14 கிலோ தோம்பின் (கேஸ் சிலிண்டரின்) கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி (ரிங்கிட்) 60 சென். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 2,300 வெள்ளி என்றார். முன்பணம் 1,500. "நம்ம ஆளுங்கள நான் ஏமாத்துவேனா அக்கா?" என்று அவரே கேட்டார். ரொக்கமாகக் கொடுத்தேன்.

காலை பத்து மணிக்கு வந்தார், மதியம் இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். செய்த தப்புகளில் பாதி என் கண்ணெதிரேதான் நடந்தன, எனக்குத்தான் விவரம் தெரியவில்லை. வெளி யூனிட்டில் செம்புக் குழாய்களை இணைத்த பிறகு ஒரு நட்டை லேசாகத் தளர்த்தினார். "ஸ்ஸ்" என்று ஐந்தாறு விநாடி சத்தம் வந்தது. உடனே முடுக்கிவிட்டார். என்ன என்று கேட்டதற்கு, "உள்ள இருக்கிற காத்த வெளிய தள்றேன் அக்கா" என்றார். அந்த இடத்தில் செய்ய வேண்டியது வேறு. வேக்கூம் பம்ப் ஒன்றை மாட்டி, குறைந்தது பதினைந்து நிமிஷமாவது ஓடவிட்டு, குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்ச வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டு மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் யூனிட்டில் இருக்கும் கேஸைத் திறந்துவிட வேண்டும். இப்போது வரும் ஏர்கோன்களில் பெரும்பாலும் ஆர்32 கேஸ்தான், அது தீப்பற்றக்கூடியது. காற்றைத் தள்ளுவதற்காக அதை அப்படி வெளியே விட்டதே தப்பு. உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரெசரை மெல்ல அரிக்கும். அவர் வேனில் வேக்கூம் பம்பே இல்லை.

இரண்டாவது நாளே மெயின் விழத் தொடங்கியது. ஏர்கோனைப் போட்டால் பத்து நிமிஷத்தில் வீடே இருட்டு. கூப்பிட்டோம். ராத்திரி எட்டு மணிக்கு வந்து, வெளி யூனிட்டின் மூடியைத் திறந்து ஏதோ செய்துவிட்டு, "இஎல்சிபி கொஞ்சம் சென்சிட்டிவ், சரி பண்ணிட்டேன்" என்று 50 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். இஎல்சிபி என்பது கரண்ட் எங்காவது கசிந்தால் மெயினைத் தானாக அடைக்கும் சுவிட்ச். அதன் பிறகு மெயின் விழவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது வாரம் அம்மா போன் செய்தார். பின்பக்கம் ஈரக் கைலியைக் காயப்போடும்போது கை வெளி யூனிட்டின் மூலையில் பட்டிருக்கிறது. "யாரோ கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்த மாதிரி இருந்துச்சும்மா." அன்றைக்கு அவர் காலில் ரப்பர் சிலிப்பர் இருந்தது. வழக்கமாக வெறுங்காலில்தான் பின்பக்கம் போவார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த ஆளுக்குப் போன் செய்தால், "புதுச் சாமான்ல அப்படித்தான் இருக்கும் அக்கா, போகப் போகச் சரியாயிடும்" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

எங்கள் தூரத்துச் சொந்தத்தில் மாமா ஒருவர் இருக்கிறார். ரப்பர் ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் அவரை அழைத்துப் போனேன். முதலில் டெஸ்டர் பேனாவை வெளி யூனிட்டின் உடம்பில் வைத்தார். விளக்கு எரிந்தது. மெயினை அடைத்துவிட்டு மூடியைத் திறந்து, என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். பச்சை மஞ்சள் எர்த் வயரை ஒட்ட வெட்டி, நுனியில் கருப்பு டேப் சுற்றி, மடித்து உள்ளே செருகியிருந்தது. பக்கத்தில் பழுப்பு வயர் மூடியின் திருகுக்குக் கீழே நசுங்கி, தோல் கிழிந்து, நகக்கண் அளவுக்குச் செம்பு தெரிந்தது. அந்த இடத்திலிருந்துதான் கரண்ட் தகரத்துக்கு இறங்கியிருக்கிறது. எர்த் வயர் இருந்தவரைக்கும் கசிந்த கரண்ட் அதன் வழியே தரைக்குப் போனது, இஎல்சிபி அதைக் கண்டு விழுந்தது. எர்த்தை வெட்டியதும் கரண்ட் போக வழியில்லாமல் தகரத்திலேயே காத்துக்கொண்டு நின்றது.

"மெயின் விழுந்தது கோளாறு இல்லம்மா. அதுதான் உங்கம்மாவக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. அந்தப் படுபாவி அதோட வாயக் கட்டிட்டுப் போயிட்டான்" என்றார் மாமா.

எனக்குத் தெரியாத இன்னொன்றையும் சொன்னார். எங்கள் வீட்டு இஎல்சிபியில் 100 மில்லிஆம்பியர் என்று எழுதியிருந்தது. மனித உடம்பைக் காப்பாற்ற அது போதாது. கையில் பிடித்து வேலை செய்யும் சாமான்களுக்கு 30, ஹீட்டர் போன்ற ஈரமான இடத்துச் சாமான்களுக்கு 10 மில்லிஆம்பியர் வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து அந்த எண்ணை இன்றைக்கே பாருங்கள். சீலிங்குக்கு மேல் ஏறிப் பார்த்தபோது ஏர்கோனுக்குத் தனி வயரே இல்லை. அறை விளக்குக்குப் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் முறுக்கி, டேப் ஒட்டிவிட்டிருந்தார். பெட்டியிலிருந்து 2.5 வயரைத் தனியாக இழுத்து, அதற்கென்று ஒரு எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் அடைக்கும் சுவிட்ச்) போட்டிருக்க வேண்டும்.

வேலை முடிந்து மாமா கை கழுவக் குளியலறைக்குப் போனார். போனவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். "கேஸ் ஹீட்டர உள்ளயா மாட்டினான்?"

அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, குளித்த பிறகு தலை வலிக்கிறதா என்பது. அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்று வாரமாகக் குளித்துவிட்டு வந்தால் தலை கனமாக இருக்கிறதாம், குமட்டுகிறதாம், ஒரு தடவை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிரஷர் என்று நினைத்து என்னிடம் சொல்லவில்லை. குளிர்காற்று வரக்கூடாதென்று சன்னல் கண்ணாடிகளை இறுக்கி மூடிவிட்டுத்தான் குளிப்பார். நாலடிக்கு ஐந்தடி அறை. அதற்குள் கேஸ் எரிந்தால் இருக்கும் பிராணவாயுவை அதுவே தின்றுவிடும். பிறகு கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தோம்பு ஒழுகினால் மூக்குக்குத் தெரிவதற்காகத்தான் கேஸில் நாற்றம் சேர்க்கிறார்கள். எரிந்த பிறகு வரும் இந்த விஷத்துக்கு அந்த நாற்றமும் கிடையாது. நீல நிறத்தில் எரிய வேண்டிய நெருப்பு அன்றைக்கு எங்கள் ஹீட்டரில் மஞ்சளாக எரிந்ததை நானே பார்த்தேன்.

ஹீட்டர் வந்த அட்டைப் பெட்டி சாமான் அறையில் இருந்தது. திறந்தால், புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உள்ளே கிடக்கிறது. அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. மாட்டும்போது அவர் கேட்டிருக்கிறார். "அது குளிர் தேசத்துக்கு வைக்கிறது ஆன்ட்டி, நமக்கு வேணாம்" என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அதே பெட்டியில் இருந்த கையேட்டில், குளியலறைக்குள் மாட்டக்கூடாது என்று படம் போட்டுப் பெருக்கல் குறியும் போட்டிருந்தது. ரப்பர் குழாய் இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், அங்கேயும் குமிழ் வந்தது.

அன்றைக்கே கேஸ் ஹீட்டரைக் கழற்றினோம். மாமா சொன்ன முறையான வயர்மேன் ஒருவர் வந்து இரண்டுக்கும் தனித்தனி வயர் இழுத்தார், 10 மில்லிஆம்பியர் சுவிட்சோடு கரண்ட் ஹீட்டர் மாட்டினார். எங்கள் வீட்டு மெயின் அதைத் தாராளமாகத் தாங்குகிறது. அந்த ஆள் வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தையே பொய். ஏர்கோனையும் வேறொருவர் வந்து கேஸை எடுத்து, வேக்கூம் செய்து, மறுபடி நிரப்பினார். எனக்கு இன்னொரு 1,400 வெள்ளி ஆனது.

பணத்தைத் திரும்பக் கேட்கப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனேன். 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் பாரத்தில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். என்னிடம் இருந்த ரசீதில் ஒரு போன் எண் மட்டும்தான். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். வேலை தொடங்கும் முன்பே கம்பெனிப் பதிவு எண், முகவரி உள்ள ரசீது கேளுங்கள். எரிசக்தி ஆணையம் கொடுத்த வயர்மேன் சான்றிதழைக் கேளுங்கள். புது வயர் இழுத்தால் போராங் ஜி (வேலை முடிந்ததற்கான பாரம்), போராங் எச் (சோதனை செய்ததற்கான பாரம்) இரண்டையும் கையெழுத்தோடு கேளுங்கள். முறையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களுக்கு வந்த வயர்மேன் நான் கேட்கும் முன்பே அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

வேலை நன்றாக இருக்கிறது என்று நம்பி, முதல் வாரத்தில் அம்மா அந்த ஆளின் எண்ணைப் பக்கத்தில் மூன்று வீடுகளுக்குக் கொடுத்திருந்தார். மூன்று வீட்டுக்கும் மாமாவோடு போனேன். ஒன்றில் இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை, முன்பணம் மட்டும் போயிருக்கிறது. இரண்டாவதில் எர்த் வயரே இழுக்கவில்லை. மூன்றாவது வீட்டில் பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். ஹீட்டர் குளியலறைக்குள், புகைக்குழாய் பெட்டிக்குள். தோம்பை அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். வயர்மேன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.